சத்தம் கேட்டுச் சொன்னது

அந்தப் போனைப் பாக்கெட்டுல வைங்க தம்பி. ரெக்கார்டு பண்ணிக் கொண்டாந்திருக்கீங்களா, பரவால்ல, இருக்கட்டும். நான் இப்பல்லாம் போன்ல சத்தம் கேட்டுச் சொல்றதில்லீங்க. உங்க ஓனரு பழைய நெனப்புல சொல்லி அனுப்பிச்சிருப்பாரு. பழனி ரோட்டுல நாச்சிமுத்துன்னு ஒருத்தரு இருக்காரு, போனை எஞ்சின்கிட்டப் புடிச்சாப் போதும், வண்டியக் கெளப்பற செல்ஃப் மோட்டார்ல என்ன கோளாறுன்னு ஊட்டுல உக்காந்துட்டே சொல்லிப்போடுவாருன்னு. சொன்னாரா இல்லியா? சொல்லுவாருங்க. ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன்.

பின்னால என்ன, கல்யாண ஊட்டுப் பாத்திரமா? சாயங்காலத்துக்குள்ள மண்டபத்துல எறக்கோணுமா. சரி. பாத்துட்டுச் சொல்றேன். பாக்காமச் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஹெட்லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருகுங்க ஒருக்கா.

ம். கரகரன்னு அரைக்குது. லைட்டு மங்கல, அப்பப் பேட்டரி நல்லாருக்குது. போதும், மறுபடி திருகாதீங்க. எறங்கி நெழலுக்கு வாங்க. நான் மோட்டாரக் கழட்டறேன். நீங்க சும்மாதான நிக்கப் போறீங்க, ஏன் போன்ல சொல்றதில்லைன்னு கேட்டீங்கல்ல, அதச் சொல்றேன்.

மூணு வருசமாச்சுங்க. திருமூர்த்தின்னு ஒருத்தரு, வெங்காய யாவாரி. இதே மாதிரி பழைய பிக்கப்தான். பின்னால வெங்காய மூட்டை, மேல மைக் செட்டு, முன்னால அவரும் அவரு சம்சாரமும். சம்சாரம் பேரு பழனாத்தா. அந்த மைக்குல 'வெங்காயம் வாங்கலியா வெங்காயம்'னு கேக்கும் பாருங்க, அது அந்தம்மா கொரலுதான். ஒருக்காப் பேசிப் பதிவு பண்ணி வச்சது. ஊரு ஊராப் போயி, தெருவுக்குத் தெரு நிறுத்தி, எஞ்சின அணைச்சு, எடை போட்டுக் குடுத்துட்டு, மறுபடி சாவியத் திருகி அடுத்த தெருவுக்குப் போவாங்க. டீசல் மிச்சம் பாக்கறவங்க எல்லாரும் பண்றதுதான். ஒரு நாளைக்கு நாப்பது தடவ சாவி திருகற வண்டிங்க அது. இந்த ஒண்ண நான் அன்னைக்கு யோசிச்சிருக்கோணும். யோசிக்கல.

எப்படி யோசிப்பேன், டீக்கடையில உக்காந்திருந்தேன். அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அந்தக் கடைதான். லாரிக்காரங்க நாலஞ்சு பேரு சுத்தி நிக்கறாங்க. திருமூர்த்தி வந்து வண்டிய என்ற பட்டறை முன்னால நிறுத்தி, அணைச்சு, மறுபடி திருகறாரு. கரகரன்னு அரைச்சு, மூணாவது திருகுக்குத்தான் எஞ்சின் ஓடுது. நான் எந்திரிக்கக்கூட இல்லீங்க. டம்ளரக் கையில வச்சுட்டே சொன்னேன், 'பென்டிக்ஸு போச்சு'ன்னு. ஒரு லாரிக்காரரு தொடையத் தட்டிச் சிரிச்சாரு. 'பாரப்பா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறதுக்கு இந்தப் பக்கம் உக்காந்து வைத்தியம் பாக்கறாரு'ங்கறாரு. எனக்கு அந்தப் பேச்சு இனிச்சுது. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே இனிச்சுது.

பென்டிக்ஸுன்னா என்னன்னு தெரியுமில்லீங்களா. மோட்டார் மூக்குல இருக்கற சின்னப் பல்சக்கரம். சாவியத் திருகுனா அது முன்னால எகிறி, எஞ்சின் பெரிய சக்கரத்தச் சுத்தி இருக்கற ரிங்குப் பல்லுல மாட்டி, எஞ்சினத் திருப்பி உடும். ரெண்டு பல்லும் சரியாச் சேரலீன்னாத்தான் இந்தக் கரகர. சின்னதுல பல்லு தேஞ்சாலும் அதே சத்தம், பெருசுல தேஞ்சாலும் அதே சத்தம். மோட்டார் போல்ட்டு லூசா இருந்தாக்கூடக் கிட்டத்தட்ட அதேதான். கழட்டிப் பாக்காம எந்தக் காதாலயும் பிரிக்க முடியாதுங்க. அது எனக்கு அன்னைக்கும் தெரியும்.

கழட்டுனேன். பென்டிக்ஸு நல்லாருந்துச்சு. புதுசாட்ட இருந்துச்சுன்னே சொல்லலாம், பல்லு நுனியில ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். அந்த லாரிக்காரங்க டீயக் குடிச்சுட்டுப் பட்டறைக்கே வந்துட்டாங்க, நான் சொன்னது சரியான்னு பாக்க. திருமூர்த்தியும் பக்கத்துல நிக்கறாரு. 'என்ன, போயிருக்குதா?'ன்னு ஒருத்தரு கேட்டாரு. நான் அதக் கையில மறைச்சுக்கிட்டு, 'போயிருக்குது'ன்னேன்.

அவ்வளவுதாங்க நடந்தது. அந்த ஒரு வார்த்தை. 'இல்லீங்க, நான் சொன்னது தப்பு, இது ரிங்கு'ன்னு சொல்லியிருந்தா நாலு பேரு சிரிச்சிருப்பாங்க, அடுத்த டீக்கு மறந்திருப்பாங்க. நான் புது பென்டிக்ஸப் போட்டேன். சாவியத் திருகுனதும் டக்குன்னு புடிச்சுது. எல்லாரும் தலைய ஆட்டுனாங்க. புதுப் பல்லு கூர்மையா இருக்குமுங்க, தேஞ்ச ரிங்கக்கூட கொஞ்ச நாளைக்குக் கவ்விப் புடிக்கும். அப்புறமேட்டு அதுவும் போயிரும். இதுவும் எனக்குத் தெரியும்.

திருமூர்த்தி பழசக் கேட்டாரு. எல்லாருமே கேக்கறதுதான், மாத்துன பொருள ஊட்டுக்குக் கொண்டுபோறது. குடுக்க மாட்டேன்னு சொல்ல முடியுங்களா. கிரீஸ் துணியில சுத்திக் குடுத்தேன். வெங்காயம் விக்கறவருக்குப் பல்லப் பத்தி என்ன தெரியப் போகுதுன்னு ஒரு நெனப்பு. 

இந்த போல்ட்ட மட்டும் கொஞ்சம் புடிங்க தம்பி. ஆங். இறுக்கமாத்தான் இருக்குது, அப்ப இது லூசுனால வந்த சத்தம் இல்ல. விட்ருங்க, வந்துருச்சு.

நாப்பது நாள் ஓடுச்சுங்க அந்த வண்டி. அப்புறம் ஒரு வெள்ளிக்கெழம திருமூர்த்தி போன் பண்ணுனாரு. 'அண்ணா, பழையபடி அரைக்குதுங்ணா'ன்னு. அன்னைக்கே வரச் சொல்லி கியர்பாக்ஸ எறக்கி, ரிங்க மாத்தியிருக்கோணும். ஒண்ணரை நாள் வேலைங்க. ஆனா ரிங்குன்னு சொன்னா, அப்ப மொதல்ல எதுக்கு பென்டிக்ஸு மாத்துனேன்னு வருமில்லீங்களா. 'பேட்டரி வீக்கா இருக்கும், சார்ஜ் போடுங்க'ன்னேன். சார்ஜ் போட்டாரு. பத்து நாள்ல மறுபடி போனு. 'ஒரு நேரம் புடிக்குதுங்ணா, ஒரு நேரம் வெறுமனே அரைக்குதுங்ணா. கியரப் போட்டு லேசாத் தள்ளி விட்டுத் திருகுனாப் புடிக்குது.' அவரே சொல்றாரு பாருங்க. கொஞ்சம் தள்ளுனா ரிங்கு நகந்து நல்ல பல்லு வந்து நிக்குது, அதான் புடிக்குது. எந்த மெக்கானிக்கும் இதக் கேட்டா ரிங்குன்னு சொல்லிருவான். எனக்கும் அது வெளங்குச்சு. நான் வாயத் தொறக்கல.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா. 'சீசன் முடியட்டும், அப்புறம் நிதானமாப் பாத்துக்கலாம். அது வரைக்கும் இறக்கமாப் பாத்து நிறுத்துங்க. சாவியே வேண்டாம், உருட்டி செகண்ட் கியர்ல உட்டீங்கன்னா ஸ்டார்ட் ஆயிரும்'னு சொன்னேன். சாதாரணமா எல்லாரும் சொல்ற யோசனைதான். நீங்ககூடப் பண்ணியிருப்பீங்க. ஆனா அவங்க வண்டியில மூட்டை இருக்குது, ஹேண்ட்பிரேக்கு பழசு, எஞ்சின் ஓடாதப்பக் கால் பிரேக்கும் முழுசாப் புடிக்காது. டயருக்கு முன்னால கல்லு வைக்காம நிக்காது. வைக்கறதும் எடுக்கறதும் பழனாத்தா வேலை. அவரு வண்டியில ஏறி உக்காந்துட்டு 'எடு'ம்பாரு, அந்தம்மா கல்ல இழுத்து எடுத்துட்டு ஓடி வந்து ஏறோணும். ஒரு மாசம் இப்படித்தான் யாவாரம் பண்ணியிருக்காங்க. ஒரு நாளைக்கு நாப்பது தடவ. அந்தம்மாளுக்கு அப்ப நாப்பத்தி ஆறு வயசு.

கரட்டுப்பாளையம்னு ஒரு ஊரு, ஓடைப் பாலத்துக்கு எறங்கற தெரு. முழு லோடு. காலையில ஒம்பது மணி இருக்கும். அந்தம்மா குனிஞ்சு கல்ல இழுத்திருக்காங்க, கல்லு வரல, மறுபடி இழுத்திருக்காங்க, வந்துருச்சு. வண்டியும் கூடவே வந்துருச்சு. எடது கால் பாதத்து மேல முன் சக்கரம் ஏறி எறங்கிருச்சுங்க.

மேல மைக்கு அது பாட்டுக்குக் கத்திட்டு இருந்துச்சாமா. கீழ அந்தம்மா கத்துறாங்க, மேலயும் அதே கொரலுதான் வெங்காயம் வாங்கச் சொல்லுது. தெருவுல இருந்தவங்களுக்கு மொதல்ல எதுவும் வெளங்கலயாம். திருமூர்த்தி எங்கிட்ட இதச் சொன்னப்ப நான் எந்திரிச்சுப் போயி மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன்.

கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில இருவத்தி மூணு நாளு. பாதத்துல முன்பக்கம் பாதிய எடுத்துட்டாங்க. குதிகால் இருக்குது, வெரலு இல்ல. நான் ஆப்பிளு வாங்கிட்டுப் போயிப் பாத்தேன். படுத்துட்டே ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டாங்க. 'அண்ணா, வேலைய உட்டுப்போட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே'ன்னாங்க. எனக்கு அங்க நிக்க முடியல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். பஸ்ஸுக்கெல்லாம் நேரமாகலீங்க.

அப்புறம் வண்டிய நானே போயி எடுத்துட்டு வந்து, கியர்பாக்ஸ எறக்கி, ரிங்கு மாத்திக் குடுத்தேன். ரெண்டு எடத்துல பல்லு மொழுக்குன்னு இருந்துச்சு. எஞ்சின் அணையறப்ப கண்ட எடத்துல நிக்காதுங்க, நாலு சிலிண்டருன்னா சுத்துக்கு ரெண்டே எடத்துலதான் வந்து நிக்கும். அந்த ரெண்டு எடத்துலயே பென்டிக்ஸு அடிச்சு அடிச்சுத் தேயும். திருமூர்த்தி அந்த ரிங்கப் பாத்துட்டே நின்னாரு. 'இது இப்பத்தான் தேஞ்சிருக்குது'ன்னு சொன்னேன். அவரு 'ஓகோ'ன்னாரு. காசு வாங்க மாட்டேன்னுட்டேன். 'உங்களாட்ட மனுசன் கெடைக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னைக்கிருந்து அந்த வண்டிக்கு எந்த வேலைக்கும் காசு வாங்கறதில்லீங்க. அதச் செஞ்சா மனசு ஆறும்னு நெனச்சேன். ஆறல.

எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள், அவரு வண்டிக்கு ஆயிலு மாத்த வந்தாரு. பட்டறையில வேற யாரும் இல்ல. சொல்லிப்போட்டேன். டீக்கடையில சொன்னது, கழட்டுனா நல்லாருந்தது, மறைச்சது, எல்லாம். சொல்றப்ப அவரு மூஞ்சியப் பாக்கல, கையிலிருந்த வேஸ்ட்டுத் துணியத்தான் பாத்துட்டுச் சொன்னேன். அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

அவரு நிதானமா, 'தெரியுங்ணா'ன்னாரு.

'என்ன தெரியும்?'

'நீங்க குடுத்த பழசப் பழனியில ஒரு லேத்துக்காரருகிட்டக் காட்டுனனுங்ணா. அடுத்த வாரமே. இதுக்கென்ன கேடு, நல்லாத்தான இருக்குது, உங்க வண்டியில ரிங்கு போயிருக்கும், அங்க பாக்கச் சொல்லுங்கன்னாரு.'

'அப்புறம் ஏனப்பா எங்கிட்ட வந்து கேக்கல? சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்கலாமில்ல?'

'எப்படிங்ணா கேக்கறது. அத்தனை பேரு முன்னால சொன்னீங்க. நான் வந்து ரிங்கப் பாருங்கன்னா உங்க பேரு என்னாகும். உங்கள நம்பி வண்டிய உடறோம், நீங்களே ஒரு நாளைக்குப் பாத்துச் செய்வீங்கன்னு இருந்தேன். அதான் அரைக்குதுன்னு போன் பண்ணிட்டே இருந்தேன்.'

'வேற பட்டறைக்குப் போயிருக்கலாமில்ல.'

'உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமுங்ணா.'

பாருங்க தம்பி. என்ற பேரு கெடக்கூடாதுன்னு நான் மறைச்சேன். என்ற பேரு கெடக்கூடாதுன்னு அவரும் மறைச்சாரு. நடுவுல கல்ல இழுத்துட்டு இருந்தவங்களுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. அவரு அன்னைக்கு அழுதாரு. நானும் அழுதேன். 'பழனாத்தாகிட்டச் சொல்லீட்டியா'ன்னு கேட்டேன். 'இல்லீங்ணா. நீங்களும் சொல்லிறாதீங்க. தெரிஞ்சும் என்னைக் கல்லு எடுக்க வச்சியான்னு ஒரு வார்த்த கேட்டாள்னா நான் அந்த ஊட்டுல இருக்க முடியாது'ன்னாரு. சரின்னு தலையாட்டுனேன். உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அத நெனச்சாத்தான் எனக்கு என்மேலயே அருவருப்பா இருக்குது. சொல்ல வேண்டியதில்லைன்னு ஆயிருச்சேன்னு ஒரு நிம்மதி.

இருங்க, மோட்டாரு எறங்கிருச்சு. நீங்க முன்னால அந்தப் பெரிய நட்டுல இந்த ஸ்பேனரப் போட்டு மெதுவாத் திருப்புங்க. நான் இந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு ரிங்கப் பாக்கறேன். ஒரு முழுச் சுத்து வரோணும், பாதியில நிறுத்தக் கூடாது. இப்படிப் பாக்கறதுக்குப் பத்து நிமிஷம் ஆகுதுங்க. பத்தே நிமிஷம். திருப்புங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்.

ரிங்கு நல்லாருக்குது. ஒரு பல்லு பாக்கி இல்லாம நல்லாருக்குது. இந்தாங்க, உங்க பென்டிக்ஸப் பாருங்க, நீங்களே கையில வாங்கிப் பாருங்க, பல்லு எப்படி மழுங்கிக் கெடக்குதுன்னு. இது ஒண்ணு மாத்துனாப் போதும், ஒரு மணி நேரத்துல கெளம்பீரலாம், பாத்திரம் மண்டபத்துக்குப் போயிரும். நீங்க சாவியத் திருகுனப்பவே எனக்குத் தெரியுமுங்க, பென்டிக்ஸுன்னு. இந்தக் காது இன்னும் போயிறல. சொல்லலீன்னாத் தெரியாதுன்னு ஆயிருமா?

என்ன கேட்டீங்க? அந்தம்மாகிட்டச் சொன்னனான்னா?

அவங்க இங்க வர்றதுதாங்க. மாசத்துக்கு ஒருக்கா வண்டி வர்றப்ப ஊன்றுகோல ஊனிட்டு எறங்கி, வெங்காயம் ஒரு பை கொண்டாந்து வச்சுட்டுப் போவாங்க. வேண்டாம்னா கேக்க மாட்டாங்க. நீங்க உக்காந்திருக்கற ஸ்டூல்லதான் உக்காருவாங்க. என்ன ஆச்சும்மா காலுக்குன்னு வண்டிக்காரங்க யாராச்சும் கேட்டா, அவங்களே சிரிச்சுட்டுச் சொல்லுவாங்க, 'என்ற அசமந்தந்தானுங்க. அண்ணன் நல்ல யோசனைதான் சொன்னாரு, இவரும் நேரம் பாத்துத்தான் எடுக்கச் சொன்னாரு. கல்ல எடுத்தவ வெலகத் தெரியாம நின்னுட்டேன்'னு. நானும் அங்கதான் இருப்பேன், திருமூர்த்தியும் இருப்பாரு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்குவோம். 'உடுங்கம்மா, அதையே பேசிட்டு'ம்பேன் நான்.

போன மாசம் வந்தப்ப ஒரு சேதி சொன்னாங்க. வர்ற பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்கறதா வேண்டிக்கிட்டாங்களாமா. அந்தப் பாதிக் காலோட. என்னத்துக்கும்மா இதெல்லாம்னு கேட்டேன். 'என்ற கவனக்கொறைவுனால இவருக்கு அத்தனை நாளு யாவாரம் போச்சு, உங்களுக்கும் எத்தனை தொந்தரவு, காசு வாங்காம வேலை பாக்கறீங்க. முருகங்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தா எனக்கு மனசு லேசாகுமுங்ணா'ன்னாங்க. திருமூர்த்தி வெளிய போயிட்டாரு. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. 'அம்மிணி'ன்னு ஆரம்பிச்சேன். அவங்க, 'சொல்லுங்ணா'ன்னு நிமிந்து பாத்தாங்க.

'வெயிலு ஜாஸ்தியா இருக்கும், பாத்துப் போங்க'ன்னேன்.

நடந்து போறவங்க எல்லாம் இந்த ரோட்டுலதான் போவாங்க. இங்கயே பட்டறை முன்னால பந்தல் போட்டு அன்னைக்கு மோர் குடுக்கலாம்னு இருக்கறேன். அவங்க வந்தா உக்கார வச்சு, ஒரு டம்ளர் மோரக் குடுத்துட்டு, நிதானமாச் சொல்லீரலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சா அதுவும் சரியாப் படல. விரதம் இருந்து நடந்து வர்றவங்க. வேண்டுதல் நடுவுல போயி ஒருத்தரு மனசக் கலைக்கக் கூடாதில்லீங்களா?